குதிரையில் வருபவர் யார்?

தொலைக்காட்சியில் மர்மத்தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில், அதன் ஒரு பகுதி ஒளியேறிய மறுநாட் காலை, பள்ளி மணி அடிக்குமுன் நம் மாணவச் செல்வங்கள் எதைப் பற்றி உரையாடுகின்றனர் என்பதைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். "கொலை செய்தவர் அந்த வைத்தியர்தான்" என்பான் ஒருவன். "எப்படி? அவர் அன்றிரவு வெளியூரில் அல்லவா இருந்தார்" என்பாள் மற்றொருத்தி. "வெளியூரில் இருந்ததாக அவர் சொன்னார், நாம் பார்த்தோமா?" என்று மூன்றாவது குரல் ஒன்று எழும். இதனைக் கேட்கும் பெற்றோர் பலர் முகஞ்சுளிப்பர். வாய்பாடு ஒப்பிக்க வேண்டிய வாய் நாடகக் கதை பேசுகின்றதே என்று வருந்துவர். அவ்வருத்தம் நமக்கு இல்லை என்பதை இம்மலரின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்ள விழைகின்றோம். அந்த மூன்றாவது குரலுக்குரிய பிள்ளை, ஒருவர் சொன்னதற்கும் தான் கண்டதற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்துவிட்ட பிள்ளை. அவ்வுணர்வைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பது எத்துணை அரிது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

தமிழில் இத்தகைய ஊகப் பேச்சுக்குப் பெரிதும் வழிவகுத்தது 'மர்மதேசம்' என்னும் தொடர்வரிசையாகும். இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, எழுத்தாளர் இந்திரா சௌந்தரராஜன் கதை எழுத, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' அவ்வரிசையில் ஒன்று. 1997, 1998ஆம் ஆண்டுகளில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒரு பகுதியாக அது வந்தது. தோட்டக்காரமங்கலம் என்பது கதை நிகழும் சிற்றூர். அதன் காவல் தெய்வம் கருப்புசாமி. தவறிழைத்தோர் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோகின்றனர். தண்டிப்பவர் குதிரையேறி வரும் கருப்பரே என்று ஊர் நம்புகின்றது. நகரத்திலிருந்து வரும் படித்த பெண்ணொருத்தி நம்ப மறுக்கின்றாள். கதையோ ஒரு தலைமுறைக்கு முந்திய நிகழ்ச்சிகளுக்கும் பிந்திய நிகழ்ச்சிகளுக்கும் இடையே மாறி மாறிச் செல்லும். குதிரையில் வருபவர் தெய்வமா, மனிதரா? மனிதரெனில் யார்? இக்கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டு இரசிகர்கள் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருந்தனர்.

இந்திரா சௌந்தரராஜன் 2024 நவம்பர் 10ஆம் நாள் மறைந்தார். அவரது கதையோ இன்றும் யூடியூப்பில் காணக் கிடைக்கின்றது. ஆகவே, அத்தொடர் வந்த காலத்தில் பிறந்தேயிராத நம் மாணவர்களிடமும் அதே கேள்வி வந்து சேர்ந்திருக்கின்றது. விடையை நாம் இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருக்கக்கூடும். அவர்களுடைய இன்பத்தைப் பறிக்கும் உரிமை நமக்கு இல்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத்து மக்களுக்கு இக்கதை வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. எல்பில், ஹேவூட், டோவன்பி என்று பரந்து கிடந்த தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர், மரத்தடியில் கல் நட்டுச் சூலம் ஊன்றி, முனியாண்டியையும் மதுரைவீரனையும் கருப்பரையும் தம்மோடு குடியமர்த்திக்கொண்டவர்கள். நள்ளிரவில் குளம்பொலி கேட்டதாகச் சொல்லும் பாட்டிமார் நம் குடும்பங்களிலும் இருந்தனர். அத்தகைய வீட்டிலே அமர்ந்து, "பாட்டி, குதிரையில் வருவது ஒரு மனிதனாக இருக்கக்கூடாதா?" என்று ஒரு பேரப்பிள்ளை கேட்பதையும், பாட்டி சினங்கொள்ளாமல், "மனிதன் என்றால் பகலிலே குதிரையை எங்கே கட்டிவைப்பான்?" என்று திருப்பிக் கேட்பதையும் எண்ணிப் பாருங்கள். பாட்டியின் வினா மிகச் சிறந்த வினா என்பது எமது கருத்து. குதிரை உண்மையானால் அதற்குத் தீனி வேண்டும், இலத்தி விழும், ஈர மண்ணில் தடம் பதியும். யாரோ ஒருவர் புல் அறுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று அடுத்த பகுதியில் தேட வேண்டியதுதான். பள்ளிக்கூடமே சென்றறியாத ஒரு மூதாட்டியும் ஐந்தாம் ஆண்டு மாணவனும் சரிநிகராக அமர்ந்து ஆராயும் இடம் வேறு எங்கே இருக்கின்றது?

இது நமக்குப் புதிதுமன்று. நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தோட்டங்களில் வீட்டுக்கு வீடு பெட்டி வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை, பெட்டி வைத்திருந்தவர் வீட்டு வாசலில் லயத்து மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்த்தனர். பார்த்தது பொதுவாக இருந்தமையால் ஊகமும் பொதுவாக இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் தொடங்கிய வழக்கு, பால் நிறுக்கும் கொட்டகை வரைக்கும் நீளும். தண்டல் ஒரு கட்சி. பால்மரம் சீவுவோர் இன்னொரு கட்சி. தண்டலின் ஊகம் தவறிப்போன வாரத்தில் கொட்டகையில் எழும் சிரிப்புக்குத் தனிச்சுவை உண்டு.

தெய்வமா மனிதனா என்னும் இவ்வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில், பாஸ்கர்வில் குடும்பத்து வேட்டைநாயின் கதையை 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை 'ஸ்டிராண்டு' மாத இதழில் எழுதினார். குடும்பத்தைப் பிடித்த சாபமாகிய பேய்நாயா, மனிதரின் சூழ்ச்சியா என்று அந்நாட்டவர் மாதக்கணக்கில் தலையைச் சொறிந்தனர். அங்கேயும் துப்பறிவாளர் முதலில் ஆராய்ந்தது காலடித்தடத்தைத்தான். பாட்டியின் குதிரைக்கும் அந்த நாய்க்கும் அவ்வளவில் ஓர் உறவு உண்டு.

நல்ல ஊகம் எது என்பதைச் சிறிது விரிவாகப் பார்ப்போம். "எனக்கு அவர்மேல்தான் சந்தேகம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர் ஊகிக்கவில்லை. தம் விருப்பத்தைச் சொல்கின்றார். "மிரட்டல் கடிதத்தை எழுதியவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று மூன்றாம் பகுதியில் காட்டினார்கள், ஐந்தாம் பகுதியில் மாமா வலக்கையால் கையெழுத்திடுகின்றார், ஆகவே மாமாவை விட்டுவிடலாம்" என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அதுவே ஊகம். அதைப் பிறரும் சோதித்துப் பார்க்கலாம். "மாமாவுக்கு இரு கையும் பழக்கமாக இருந்தால்?" என்று மறுக்கலாம். அடுத்த வாரமே அது பொய்த்துப்போகலாம். பொய்த்தால், பிள்ளைகள் ஒரு நொடியில் அதைக் கைவிட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்கின்றனர். பெரியவர்களாகிய நாமோ முதல் வாரம் சொன்னதைக் கடைசி வாரம் வரைக்கும் காப்பாற்றப் பார்க்கின்றோம். கதையாசிரியரே வந்து சொன்னாலும், "அவர் கதையை மாற்றிவிட்டார்" என்று சாதிக்கின்றோம்.

இன்னொன்றையும் பிள்ளைகள் கண்டுகொள்கின்றனர். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போது பின்னணி இசை திடீரென முழங்கினால், அவரை நாம் ஐயுற வேண்டும் என்று இயக்குநர் விரும்புகின்றார் என்று பொருள். இசை முழங்கியது என்பது அவர் குற்றவாளி என்பதற்குச் சான்றாகாது. இதனை ஒரு முறை கண்டுகொண்ட பிள்ளையைப் பிறகு எளிதில் ஏமாற்ற முடியாது.

விடை கிடைக்காத மர்மமும் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1954 வரைக்கும் தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் ஐயத்திற்கு இடம் வைத்தே முடித்தார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் இரு படங்களும் வெளிவந்தபோது அவ்வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. ஆர்வமுடைய இரசிகர்கள் நாவலோடு நில்லாமல் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு வரைக்கும் சென்றனர். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் பற்றிக் கூறும் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் உள்ளன. அவர்களுக்குப் பின்னால் வேறு எவரேனும் இருந்தனரா? வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை மறுத்தனர். கதை இரசிகரின் பேச்சும் பேராசிரியரின் ஆய்வும் ஒரே கல்லின் முன்னால் வந்து நிற்பதைக் காண நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகின்றது.

ஊகம் வழிதவறிப் போவதும் உண்டு. 1980 மார்ச்சு 21ஆம் நாள், அமெரிக்காவின் 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர். என்னும் எண்ணெய்ச் செல்வரை யாரோ சுட்டுவிட்டனர். சுட்டவர் யார் என்பது நவம்பர் 21ஆம் நாள்தான் வெளியாயிற்று. இடையில் எட்டு மாதங்கள். நடிகர்களின் வேலைநிறுத்தமும் அத்தாமதத்திற்கு ஒரு காரணம். விடை வெளியான இரவு அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்டோர் பெட்டியின் முன் அமர்ந்திருந்தனர். அதற்குள் பிரிட்டனில் பந்தயக் கடைகள், சுட்டவர் இன்னார் என்று பணம் கட்டச் சொல்லி வாணிபமே நடத்திவிட்டன. காசு கட்டியவனுக்குச் சான்று கண்ணில் படாது. தன் காசுதான் படும். நம்மிடையேயும் கனவில் பாம்பு வந்தால் நான்கு எண், விபத்துக்குள்ளான வண்டியின் தகட்டைப் பார்த்தால் நான்கு எண் என்று ஓடுவோர் உளர். அவர்களும் தங்களை ஊகக்காரர் என்றே சொல்லிக்கொள்வர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அதனினும் தீயது ஒன்றுண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. குடியிருப்பில் ஒரு வீட்டுக் கோழி காணாமற்போகின்றது. மாலைக்குள் ஒரு பெயர் புறப்பட்டுவிடுகின்றது. யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவில்லை. பக்கத்து வீட்டுக் கைம்பெண் செய்வினை வைத்துவிட்டாள் என்கின்றனர். என்ன சான்று? அவள் அவ்வழியே போகும்போது பிள்ளையை உற்றுப் பார்த்தாளாம். நாடகத்தில் பின்னணி இசையை இசையமைப்பாளர் முழக்குகின்றார். வாழ்க்கையில் அண்டை வீட்டார் முழக்கிவிடுகின்றனர். தொடரில் நாம் தவறாக ஐயுற்றவர் அடுத்த வாரமே குற்றமற்றவர் என்று தெரிந்துவிடும். அந்நடிகருக்கும் ஒரு குறைவுமில்லை. குடியிருப்பில் ஐயுறப்பட்ட பெண்ணுக்கோ அடுத்த பகுதி என்று ஒன்று கிடையாது. குழாயடியில் அவளோடு பேசுவோர் குறைகின்றனர். அவள் பிள்ளையைப் பள்ளியில் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளாமல் விலக்குகின்றனர். கோழி எங்கேயோ ஒரு புதரில் முட்டையிட்டு அடைகாத்துவிட்டுக் குஞ்சுகளோடு திரும்பி வந்தபின்னும், சொல்லிய சொல் திரும்புவதில்லை.

ஆதலால்தான், "நாம் பார்த்தோமா?" என்று நாடகத்தில் கேட்கப் பழகிய நாவைக் கடிந்து அடக்கிவிடாதீர்கள் என்று பெற்றோரை வேண்டுகின்றோம். அந்நா ஒருநாள் குழாயடியிலும் அதையே கேட்கும்.

இக்காலத்தில் மற்றொரு சிக்கலும் தோன்றியிருக்கின்றது. புஷ்கர், காயத்ரி இணையர் எழுதிய 'சுழல்' 2022 ஜூன் மாதம் இணையவழி வெளிவந்தபோது, அதன் எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வந்துவிட்டன. (அது பெரியவர்களுக்கான தொடர், சிறுவர்க்கு உகந்ததன்று. எதைப் பார்ப்பது என்பதைப் பெற்றோரே தெரிவு செய்தல் வேண்டும்.) எட்டையும் ஓர் இரவில் விழித்திருந்து பார்த்து முடித்தவர்களை நாம் அறிவோம். மறுநாள் அவர்களிடம் பேச ஒன்றுமில்லை. "நன்றாக இருந்தது, தூக்கம் வருகின்றது" என்கின்றனர். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட அந்த ஏழு நாட்களில்தான் இரசிகன் வேலை செய்கின்றான். அந்நாட்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது கண்விழிப்பு மட்டுமே. ஒரே நாளில் எல்லாம் வந்தாலும் வாரத்திற்கு ஒன்று என்று வீட்டிலேயே வரம்பு கட்டிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. முடிவை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்து உரக்கச் சொல்லும் அண்ணன்மாருக்கு மட்டும் அன்றைய தேநீரை நிறுத்திவைக்கலாம்.

எனவே, வருகின்ற ஆண்டில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்காக ஒரு சிறு முயற்சியைத் தொடங்கலாம் என்று நாம் முன்மொழிகின்றோம். ஆசிரியர்கள் தெரிவு செய்யும் சிறுவர்க்கேற்ற மர்மக்கதை ஒன்று வாரம் ஒரு பகுதியாக வகுப்பில் வாசிக்கப்படட்டும். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னரும் மாணவர், தாம் ஐயுறுபவர் யார், எதனால், எந்தச் சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர் என்பதை அரைப்பக்கத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டித் தரவேண்டும். மூன்றாவது வினாவிற்கு விடை எழுதாத தாளை ஏற்றுக்கொள்ளக்கூடாது. கதை முடிந்த நாளில் உறைகள் எல்லாருடைய முன்னிலையிலும் பிரிக்கப்படும். கதையை வீட்டில் சொல்லக் கேட்ட பெற்றோரும், பாட்டிமாரும் எழுதித் தரலாம். எழுத இயலாதவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். உறையின்மேல் பெயரும் நாளும் தெளிவாக இருத்தல் வேண்டும்.