புயலுக்கு 'தீனி' எவ்வளவு இருக்கு? கடலின் நாடி பிடிக்கும் ஆர்கோ மிதவைகளும் அவற்றுக்கு வந்திருக்கும் சிக்கலும்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்றதும் எல்லா சேனல்களிலும் அந்தச் சுழல் படம் ஓட ஆரம்பித்துவிடும். மேகக் கூட்டம் எங்கே இருக்கு, எந்தப் பக்கம் நகருது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் பளிச்செனத் தெரியும்.

ஆனால் அது நாளைக்கு வலுவிழக்குமா, தீவிரப் புயலாகுமா? மேகத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதிலின் முக்கியமான ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே, 50 மீட்டர், 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

செயற்கைக்கோளின் பார்வை தண்ணீரின் மேல்தோலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க உலகப் பெருங்கடல்களில் சுமார் 4,000 தானியங்கி மிதவைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தத் திட்டத்தின் பெயர் 'ஆர்கோ'. இந்த மிதவைகளில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவின் செலவில் ஓடுபவை. அந்தப் பணம் தொடர்ந்து வருமா என்பதுதான் இப்போதைய கவலை.

மேலே சூடாக இருந்தால் போதாதா?

புயலுக்குத் தீனி சூடான கடல் நீர். மேற்பரப்பு வெப்பம் சுமார் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் புயல் உருவாகி வளர முடியும் என்பது பொதுவான கணக்கு. வங்கக்கடலின் பெரும்பகுதியில் ஆண்டின் பல மாதங்கள் 28 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அப்படிப் பார்த்தால் இங்கே உருவாகும் ஒவ்வொரு தாழ்வு மண்டலமும் பெரும் புயலாகணுமே? ஆகிறதில்லை.

காற்றின் போக்கு, வறண்ட காற்று என்று வேறு காரணங்களும் உண்டு. கடலைப் பொறுத்தவரை, விஷயம் ஆழத்தில் இருக்கிறது. புயல் வரும்போது கடலைக் கலக்கிவிடும். மேலே சூடாகவும் அடியில் ஆறிப்போயும் இருக்கும் குழம்பைக் கரண்டி போட்டுக் கலக்கினால் என்ன ஆகும்? மொத்தமும் வெதுவெதுப்பாகிவிடும். அதே மாதிரி, சூடான நீர் மேலே மெல்லிய அடுக்காக மட்டும் இருந்தால், புயல் கீழே இருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்து, தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். சூடான அடுக்கு தடிமனாக இருந்தால், எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது சூடான நீர்தான். புயல் கொழுக்கும்.

வங்கக்கடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று இவ்வளவு ஆறுகள் வந்து கொட்டும் கடல் இது. பருவமழை முடிந்த கையோடு இந்த நன்னீர் கடலின் மேல் ஒரு போர்வை மாதிரி படர்ந்துவிடும். உப்பு குறைந்த நீர் எடை குறைவு என்பதால், கீழே இருக்கும் உப்பு நீரோடு அவ்வளவு சுலபமாகக் கலக்காது. புயலே வந்து கலக்கினாலும் குளிர்ந்த நீர் மேலே வர சிரமப்படும். இந்த நன்னீரின் ஒரு பகுதி அக்டோபரிலிருந்து கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டத்தோடு (நம்ம கடலோடிகள் பேச்சில் 'நீவாடு') தெற்கே ஆந்திரா, தமிழ்நாடு பக்கம் இறங்கி வரும். நமக்குப் புயல் சீசனும் அதே மாதங்கள்தான்.

ஆக, வங்கக்கடலைப் புரிந்துகொள்ள வெப்பத்தை மட்டும் அளந்தால் போதாது. எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்பதும் தெரியணும். ஆர்கோ மிதவை அளப்பது சரியாக இந்த மூன்றைத்தான்: வெப்பம், உப்பு, ஆழம்.

மோட்டார் இல்லாமல் எப்படி மூழ்கி எழுகிறது?

பார்ப்பதற்கு ஒரு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவான குழாய். தலையில் ஆன்டெனா. எடை 20 முதல் 25 கிலோ, அதாவது ஒரு அரிசி மூட்டை. இதில் விசிறி கிடையாது, துடுப்பு கிடையாது.

உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்கும். ஒரு சின்ன பம்ப் அந்த எண்ணெயை வெளியே அடிப்பகுதியில் உள்ள ரப்பர் பைக்குத் தள்ளும்போது பை உப்பும். எடை மாறாமல் உருவம் மட்டும் பெரிதாவதால் மிதவை மேலே எழும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். அவ்வளவுதான் வித்தை. மீன் தன் காற்றுப்பையை வைத்துச் செய்வதைத்தான் இது எண்ணெயை வைத்துச் செய்கிறது.

கடலில் போட்டதும் 1,000 மீட்டர் ஆழத்துக்குப் போய், ஒன்பது நாள் போல நீரோட்டம் இழுக்கிற பக்கம் மிதக்கும். பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கும். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 200 கிலோ அழுத்தம். அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் அளந்துகொண்டே வந்து, தலையை வெளியே நீட்டி, செயற்கைக்கோளுக்குத் தகவலை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். இந்தச் சுற்றுக்கு 10 நாள். பேட்டரி நான்கைந்து ஆண்டு தாங்கும்.

தகவல் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இலங்கை போட்ட மிதவையா, பிரான்ஸ் போட்டதா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

1999-ல் தொடங்கிய திட்டம் இது. 2007 நவம்பரில் 3,000 மிதவை என்ற இலக்கைத் தொட்டது. 20-ம் நூற்றாண்டு முழுக்கக் கப்பல்களில் போய், குறைந்தது ஒரு கிலோமீட்டர் ஆழம் வரை எடுத்த அளவீடுகள் மொத்தமே 5 லட்சம் சொச்சம்தான். ஆர்கோ 2018-க்குள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதுவும், கப்பல்கள் எட்டிப் பார்க்கவே தயங்கும் குளிர்கால அன்டார்டிக் கடல் உட்பட.

இதை வைத்துத்தான், பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது என்பதை இன்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

'கடல் குளிர்ந்துவிட்டது' என்று சொன்ன மிதவைகள்

இயந்திரம் அளந்தால் தப்பு வராது என்று நினைத்தால், 2006-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு ஜான் லைமன், ஜோஷ் வில்லிஸ், கிரிகரி ஜான்சன் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003-க்கும் 2005-க்கும் இடையில் கடலின் மேல் அடுக்குகள் குளிர்ந்துவிட்டன என்பது அதன் சாரம். உலகம் சூடாகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது எப்படிப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். 'பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி.

ஆனால் கணக்கு இடித்தது. கடல் குளிர்ந்தால் சுருங்கணும். செயற்கைக்கோள்களோ கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போவதாகக் காட்டின. வில்லிஸ் திரும்பப் போய் மிதவைகளின் தரவை ஒவ்வொன்றாகத் துருவினார். ஒரு குறிப்பிட்ட வகை மிதவைகளில் கோளாறு. வெப்பத்தைத் தவறான ஆழத்தோடு சேர்த்துப் பதிவு செய்திருந்தன. அதோடு, கப்பலிலிருந்து வீசும் பழைய வகைக் கருவிகள் உண்மையைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டைக் காட்டி வந்ததும் தெரிந்தது. பழைய கருவி கூட்டிக் காட்ட, புதிய மிதவை குறைத்துக் காட்ட, நடுவில் இல்லாத ஒரு 'குளிர்ச்சி' முளைத்துவிட்டது. 2007-ல் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள்.

மிதவையைக் கடலில் வீசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உப்பை அளக்கும் உணரிகள் நாளாக ஆகக் கொஞ்சம் பிசகும். அதைப் பக்கத்து மிதவைகளோடும் கப்பல் அளவீடுகளோடும் ஒப்பிட்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்துவதற்கு ஆட்கள் வேண்டும். பட்ஜெட்டில் கத்தி விழும்போது, வெளியே தெரியாத இந்த மேசை வேலைதான் முதலில் அடிபடும்.

இந்தியா என்ன செய்கிறது?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம்தான் இந்தியாவின் ஆர்கோ மிதவைகளைப் பார்த்துக்கொள்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கான ஆர்கோ தரவு மையமும் அதுதான். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், என்.ஐ.ஓ.டி., வேறு வகை மிதவைகளைப் பராமரிக்கிறது. இவை ஒரே இடத்தில் நங்கூரமிட்டு நிற்பவை.

இரண்டும் ஏன் வேண்டும்? ஆர்கோவின் திட்டப்படி சுமார் 300 கிலோமீட்டருக்கு ஒரு மிதவை. சென்னையில் ஒரு தெர்மாமீட்டர், அடுத்தது திருச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 10 நாளைக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். அதற்குள் ஒரு புயல் பிறந்து, வளர்ந்து, கரையையே கடந்துவிடும். 2020 மே மாதம் ஆம்பன் 16-ம் தேதி புயலாகி, 18-ம் தேதியே சூப்பர் புயலாகிவிட்டது. நங்கூர மிதவை அப்படியில்லை, ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து தகவல் அனுப்பும்.

ஆனால் அதற்கு வேறு தலைவலி. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையில் கட்டுவார்கள், வலை சிக்கும், ஆன்டெனா உடையும், சில சமயம் உணரிகளே காணாமல் போகும். உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை இது. மீனவர்களைக் குற்றவாளி மாதிரி பேசிவிட்டுப் போவது சுலபம். அந்த மஞ்சள் டப்பா எதற்கு நிற்கிறது, அது உடைந்தால் நம்ம ஊருக்கு வரும் புயல் எச்சரிக்கையில் என்ன குறையும் என்று சொல்லாத வரை, அவர்களுக்கு அது நல்ல மீன் கிடைக்கும் ஒரு இடம், அவ்வளவுதான். என்.ஐ.ஓ.டி. இப்போது மீனவ கிராமங்களில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்துகிறது.

தரவு இருந்தால் உயிர் பிழைக்குமா?

அது மட்டும் போதாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கியை கன்னியாகுமரி மாவட்டம் மறக்காது. 29-ம் தேதி இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ம் தேதி குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவே இல்லை. செல்போன் டவருக்கு எட்டாத தூரம்.

அதற்குப் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகில் இருப்பவரின் செல்போனுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. மிதவை, கணினி மாதிரி, வானிலை மையம் என்று நீளும் சங்கிலியில் கடைசிக் கண்ணி படகில் இருக்கும் ஆள். அந்தக் கண்ணி அறுந்தால் 2,000 மீட்டர் ஆழத்துத் தகவலால் அவருக்குப் பயன் இல்லை.

அமெரிக்கா கையை விட்டால்?

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான 'நோவா'வில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்து, 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த பட்ஜெட் திட்டம், நோவாவின் ஆராய்ச்சிப் பிரிவையே மூடச் சொன்னது. அமெரிக்காவின் ஆர்கோ மிதவைகளுக்கு நிதி போவது அந்தப் பிரிவு வழியாகத்தான். இது முன்மொழிவுதான், நிதி ஒதுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில்.

இதற்கு முன்பும் ஒரு அனுபவம் இருக்கு. பசிபிக் கடலில் எல் நினோவைக் கண்காணிக்க 'டாவ்' என்ற பெயரில் நங்கூர மிதவைகளின் வரிசை ஒன்று உண்டு. 2012-ல் செலவைக் குறைக்க, அவற்றைப் பராமரித்துவந்த கப்பலை நோவா ஓய்வு கொடுத்து நிறுத்தியது. மிதவைகள் ஒவ்வொன்றாக ஊமையாகின. 2014 தொடக்கத்தில், வரவேண்டிய தகவலில் சுமார் 40 சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. எல் நினோ வருமா வராதா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. பிறகு பழுது பார்த்தார்கள். நடுவில் விட்டுப்போன மாதங்களின் தகவலை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஆர்கோவில் இந்தச் சரிவு இன்னும் மெதுவாக நடக்கும், அதனாலேயே கண்ணில் படாது. ஒரு மிதவையின் விலை சுமார் 17 லட்சம் முதல் 35 லட்சம் ரூபாய் வரை. 4,000 என்ற எண்ணிக்கை குறையாமல் இருக்க ஆண்டுக்கு 800-க்கு மேல் புதிதாகப் போட வேண்டும். இன்று போடுவதை நிறுத்தினாலும் நாளைக் காலை எந்தத் திரையும் இருண்டுவிடாது. பழைய மிதவைகள் பேட்டரி உள்ளவரை பேசிக்கொண்டேதான் இருக்கும்.

இத்தனைக்கும் விஞ்ஞானிகளின் திட்டம் நேர் எதிர்த் திசையில் போகிறது. 'ஒன்ஆர்கோ' என்ற பெயரில் மொத்தம் 4,700 மிதவைகள் வேண்டும் என்கிறார்கள். அதில் 1,200 மிதவைகள் 2,000 மீட்டரோடு நிற்காமல் 6,000 மீட்டர் வரை இறங்குபவை. இன்னொரு 1,000 மிதவைகள் ஆக்சிஜன், அமிலத்தன்மை, நைட்ரேட் போன்றவற்றையும் அளப்பவை. இவற்றின் விலை சாதாரண மிதவையைப் போலப் பல மடங்கு.

2025-ல் கடலில் இறக்கிய மிதவைகள் 2029, 2030 வாக்கில் கடைசியாக ஒரு முறை மேலே வந்து தகவல் அனுப்பும்.