பத்தரை மணி ஊசி

கல்யாண ரிசப்ஷனில் எதிர்சீட்டு நண்பர் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் இலையை மூடினார்.

"பத்தரைக்கு அவளுக்கு ஊசி சார். டைம் தப்பக் கூடாது."

டெஸ்ட் ட்யூப் சிகிச்சை. மூன்றாவது தடவை. மனைவிக்கு வயசு 37.

"கொஞ்சம் லேட்டானா முட்டை என்ன ஓடியா போயிடும்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. நிஜமாகவே ஓடிவிடுமாம். ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். ரொம்ப முந்தினால் காய். ரொம்பப் பிந்தினால் தானே கழன்று போய்விடும்.

வீட்டுக்கு வந்து படித்தேன். பெண் சிசு அம்மா வயிற்றிலேயே அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் வைத்திருக்கிறது. பிறக்கும்போது மிச்சம் பத்து, இருபது லட்சம். முதிர்ந்து வெளியே வருவது ஆயுளுக்கும் நானூறு சொச்சம்தான். எல்லாமே செல் பிரியும்போது பாதியில் 'ஸ்டாப்' சொல்லி நிறுத்தப்பட்டவை. அந்த அம்மாளின் முட்டைகள் 37 வருஷத்துக்கும் மேலாக அப்படியே நிற்கின்றன.

யார் நிறுத்தியது? 1935-ல் கிரிகரி பின்கஸும் என்ஸ்மனும் முயலின் கருமுட்டையை அதன் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்கள். ஹார்மோன் கீர்மோன் எதுவும் இல்லாமல் அது பாட்டுக்கு முதிர ஆரம்பித்துவிட்டது! ஆக, முட்டை சோம்பேறி இல்லை. சுற்றியிருக்கும் சொந்தக்கார செல்கள்தான் விடவில்லை. சைக்ளிக் ஜிஎம்பி என்ற சரக்கைப் பொடித் துவாரங்கள் வழியே ஊட்டி ஊட்டித் தூங்க வைக்கின்றன. அந்த செல்களுக்கு 'ஊட்டு' என்று உத்தரவு போடுவது பையின் சுவர். இதை எலியில் கண்டுபிடிக்க 2010 ஆயிற்று.

மூளைக்கடியிலிருந்து எல்ஹெச் ஹார்மோன் பொங்கி வந்ததும் ஊட்டல் நிற்கிறது. முட்டை விழிக்கிறது. எல்ஹெச் தேரைத் தள்ளவில்லை, முட்டுக்கட்டையை உருவுகிறது. பத்தரை மணி ஊசி, எல்ஹெச் வேஷத்தில் வரும் ஹெச்சிஜி.

மனித முட்டை 12 மணியில் விழித்துவிடும் என்று பின்கஸ் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் அதை நம்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஆளாயிருந்தால் தட்டைக் கழுவியிருப்பார். இவர் ஒரு நாளுக்கும் மேல் காத்திருந்தார். விழித்தது. 1965-ல் அதை எழுதினார். 1978-ல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். 2010-ல் நோபல் பரிசு.

மறுநாள் விட்டு மறுநாள் நண்பரின் சீட் காலி. லீவ் லெட்டரில் காரணம்: 'சொந்த வேலை'. மத்தியானம் போன் வந்தது.

"ஏழு எடுத்தாங்க சார். அஞ்சு பழுத்திருக்காம்."

"பாயசம் பாக்கி இருக்கு" என்றேன்.

"இப்ப வேணாம் சார். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."