எட்டு மெய்களும் ஒரு பிடிவாரண்டும்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், மொழியியல் பயின்ற நண்பர் ஒருவர் ஹவாய் மொழியைச் சுட்டி, "எட்டே மெய்யொலிகளை வைத்துக்கொண்டு ஒரு மொழி எவ்வளவு தூரம்தான் போகும்?" என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. ககரத்துக்கு நான்கு எழுத்து இல்லாத தமிழ் குறையுடையது என்ற ஏளனத்தைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள் நாம். நாமே சிரித்ததுதான் எனக்கு உறுத்தியது.

பாத்திரங்களை எண்ணிவிட்டுச் சமையலுக்குத் தீர்ப்புச் சொல்வது போன்றது இது. ப, க, ஹ, ம, ன, ல, வ என்னும் ஏழோடு, குரல்வளையைக் கணநேரம் அடைத்துத் திறக்கும் ஒலியொன்றும் சேர்ந்து அம்மொழியில் எட்டு. அந்த எட்டாவதன் பெயர் ஒகினா. 'கொ' என்று தொடங்கி, மூச்சைச் சற்றே தடுத்து 'உ' என்றால் 'என்னுடைய'. தடுக்காமல் ஓடவிட்டால் 'உன்னுடைய'. இந்த நூலிழை அடைப்பைக் கேட்கத் தெரியாதவர்கள்தாம் அதை எளிய மொழி என்கிறார்கள். 2,000 அடிகளுக்கு மேல் நீளும் குமுலிபோ என்ற படைப்புப் பாடல் அந்த எட்டு மெய்களில் பிறந்ததுதான். 1834 முதல் 1948 வரை அம்மொழிச் செய்தித்தாள்கள் ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் அச்சாயின.

பிறகு ஏன் நலிந்தது? அரசி லிலியுஒகலானியை 1893இல் கவிழ்த்தவர்கள், 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அதைப் பேசிய சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. மெய்யொலி பற்றாமல் செத்த மொழி ஒன்றை நண்பர் காட்டட்டும்.

1978இல் மாநில அரசியல் சாசனம் அதை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக்கியது. சட்டம் கோரும் இடங்களில் மட்டுமே அது கட்டாயம் என்ற வாலையும் அதே வாக்கியத்தில் ஒட்டியது. 1984இல் ஆர்வலர்கள் 'பூனானா லேயோ', அதாவது குரல்களின் கூடு, என்ற பெயரில் மழலையர் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிகளில் இருந்த தடை 1986இல்தான் நீங்கியது.

அதன்பின்னும், 2018 ஜனவரியில், மாவி தீவின் நீதிமன்றத்தில் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் நீர் இன்னார்தானா என்று கேட்கப்பட்டது. அவர் ஹவாய் மொழியில் விடையளித்தார். எதிரே நிற்பவர் அவர்தான் என்று உறுதிசெய்ய இயலவில்லை என்று நீதிபதி பிடிவாரண்டு பிறப்பித்தார்! மறுநாள் அது திரும்பப் பெறப்பட்டது என்பது வேறு விஷயம். அந்த அறையில் பற்றாக்குறையாக இருந்தது மெய்யொலியா?

நண்பர் அடுத்த கருத்தரங்கில் அந்த எட்டாவது ஒலியை ஒருமுறை உச்சரித்துக் காட்டட்டும். நான் வீட்டில் முயன்று பார்த்தேன். பத்தில் ஆறு முறை என்னுடையதை உன்னுடையதாக்கிவிட்டேன்.