பிரேக் பிடிக்கும் கை



கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியாயிற்று. டிசம்பர் வந்தால் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹீட்டிங்கைப் போடலாமா, இன்னும் ஒரு வாரம் ஸ்வெட்டரோடு சமாளிக்கலாமா என்ற பஞ்சாயத்து எல்லா வீடுகளிலும் தொடங்கியிருக்கும். கேஸ் பில்லைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியாகிவிட்டது. இந்த மாதம் கையுறையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சைக்கிளில் போகிறவர் ஒருவராவது இருப்பார். விடிவதற்கு முன் கடை திறக்கப் போகிற அண்ணன், டியூப் காசை மிச்சம் பிடிக்கிற கல்லூரிப் பிள்ளை, இரவெல்லாம் சாப்பாட்டு டெலிவரிக்கு ஓடுகிற தம்பி, ஸ்டேஷன் வரை மிதித்துப் போய் ரயில் பிடிக்கிற மருமகள். இவர்களுக்கு ஜாக்கெட் வாங்கும்போது நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டுக்கும் பார்ப்பதில்லை. கையுறை என்று வரும்போது மட்டும், பில் போடும் இடத்தில் தொங்கும் கம்பளிக் கையுறை ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஏன்?

கை குளிர்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைக்கிறோம். கால் மணி நேரம்தானே, போய்ச் சேர்ந்ததும் ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்கிறோம். ஆனால் ஓடும் சைக்கிளை நிறுத்துவது கைதானே? இந்த நாட்டில் வழக்கமாக வலக் கை லீவர்தான் முன் பிரேக். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு அதனுடையது. விறைத்துப்போன விரல் லீவரைத் தேடிப் பிடித்துவிடும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அதற்குத் தெரியாது. அழுத்தம் குறைந்தால் வண்டி நிற்காது. ஈரத் தெருவில் கூடிவிட்டால் முன் சக்கரம் வழுக்கும். ஆகவே, கையுறையை ஹெல்மெட்டோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

உடம்பெல்லாம் இருக்க, விரல் ஏன் முதலில் விறைக்கிறது? குளிர் ஏறியதும் உடம்பு இதயம், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்கப் பார்க்கும். அதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் இருப்பதும் முன்கையில்தான். விரலில் சூடு உண்டாக வழி குறைவு. கால்கள் மிதித்து மிதித்துச் சூடாகிவிடுகின்றன. கைகளோ ஹாண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல், எதிர்க்காற்றுக்கு முதல் ஆளாக நிற்கின்றன. வானிலைக்காரர்களின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி, 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது மைனஸ் 5 போலத் தெரியும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிளில் போகிறவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு போகிறார்.

இதோடு மழையும் சேர்ந்தால்? அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தும். அதனால்தான் மைனஸில் பனி கொட்டுகிற நாளைவிட, 3 டிகிரியில் நசநசவென்று தூறுகிற நாள் கைக்குக் கொடுமை. டொரொன்டோவில் இருக்கும் நம் உறவினர்களிடம் 3 டிகிரிக்கு நடுங்கினோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மைனஸ் 10-இல் விழுவது காய்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். நம் ஊர் மழை உள்ளே இறங்கும். அங்கிருந்து அன்போடு வாங்கி அனுப்பிய மொத்தமான கையுறை இங்கே தொப்பலாக நனைந்து நம்மைக் கைவிட்டுவிடுவது அதனால்தான்.

கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். குளிர், காற்று, மழை மூன்றையும் தடுப்பது மூன்று தனித்தனி வேலை. பஞ்சு போன்ற ஃப்ளீஸ் கையுறை சூடு தரும், காற்றை உள்ளே விட்டுவிடும். மழைக்கு என்று விற்கும் மெல்லிய கையுறை தண்ணீரைத் தடுக்கும், சூடு தராது. லேபிளில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் சிறு தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். 'விண்ட்ப்ரூஃப்' என்று மட்டும் இருந்தால் மழையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. 'வாட்டர்ப்ரூஃப்' என்றிருந்தால் உள்ளே மெம்ப்ரேன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மெம்ப்ரேன் என்பது மழைத்துளி நுழைய முடியாத, வியர்வை ஆவி மட்டும் வெளியேறக்கூடிய நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலம். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் கம்பியை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுந்து போகாமல் பல மடங்கு நீண்டது. அப்படிப் பிறந்ததுதான் கோர்டெக்ஸ். இன்று பல கம்பெனிகள் தங்கள் பெயரில் இதுபோன்ற படலங்களைச் செய்கின்றன.

ஜாக்கெட்டில் இந்தப் படலத்தைத் துணியோடு ஒட்டி, தையல் மேல் டேப் போட்டுவிடலாம். ஐந்து விரல், விரலுக்கு விரல் வளைவு, எங்கு பார்த்தாலும் தையல் என்றிருக்கும் கையுறையில் அது லேசான காரியமில்லை. அதனால் பல கையுறைகளில் படலத்தைத் தனி உறையாகச் செய்து, வெளித் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். இங்கேதான் தலைவலி.

மழையில் ஒரு சிக்னலில் நிற்கிறீர்கள். போன் அடிக்கிறது. ஈரக் கையை வெளியே இழுக்கிறீர்கள். கையோடு சேர்ந்து உள் துணியும் புரண்டு வெளியே வந்துவிடுகிறது. பேசி முடித்து மறுபடி மாட்டினால் நடுவிரலும் மோதிர விரலும் ஒரே பொந்துக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். சுண்டுவிரலுக்கு வழியே இருக்காது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

ஆகவே கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கையைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு கையுறையை மாட்டி, விரல் நுனியைப் பிடித்து இழுக்காமல் கையை உருவுங்கள். உள் துணி கூடவே வந்தால், விலை எதுவானாலும் வேண்டாம். விரல் நுனியில் உள் துணியை நன்றாகப் பிணைத்திருக்கும் கையுறை உள்ளேயே நிற்கும்.

அடுத்தது அளவு. சூடு தருவது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. இறுக்கமான கையுறை அந்தக் காற்றையும் பிழிந்துவிடும், ரத்த ஓட்டத்தையும் நெருக்கும். கையை விரித்துப் பார்த்து மட்டும் அளவைத் தீர்மானிக்காதீர்கள். ஹாண்டில்பாரைப் பிடிப்பது போல மடக்குங்கள். விரல் நுனி துணியில் முட்டக் கூடாது, உள்ளங்கையில் துணி சுருண்டு திரளக் கூடாது. முடிந்தால் கடையில் நிற்கும் ஒரு சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கூச்சம் எதற்கு? புடவைக் கடையில் அரை நாள் உட்கார்ந்து எடுத்துப் போடச் சொல்கிறவர்கள்தானே நாம்!

வடிவத்திலும் வகை உண்டு. ஐந்து விரல் கையுறையில் கியரும் பிரேக்கும் கைக்கு லகுவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு விரலும் தனியாகக் குளிரும். நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் நல்ல சூடு. ஒரே போர்வைக்குள் நாலு பிள்ளைகள் படுத்தால் குளிர் தெரியாது, அந்தக் கணக்குதான். இரண்டுக்கும் நடுவே, இரண்டிரண்டு விரலாகப் பிரிந்திருப்பதை 'லாப்ஸ்டர்' என்கிறார்கள். கையைப் பார்த்தால் நண்டுக் கால் போல வேடிக்கையாக இருக்கும். கை அடிக்கடி விறைக்கிறவர்களுக்கு அதுதான் தோது. கட்டைவிரலின் முதுகில் டவல் துணி போல ஒரு திட்டு இருக்கும். எதற்கு என்று யோசிக்க வேண்டாம், மூக்கு துடைக்கத்தான்.

மணிக்கட்டைக் கவனியுங்கள். சைக்கிளில் கை முன்னே சாய்ந்திருப்பதால் ஜாக்கெட்டில் விழும் மழை கையை நோக்கியே வழியும். கையுறையின் வாய் ஜாக்கெட் கைக்கு உள்ளே போக வேண்டும். மேலே ஏறி நின்றால் தண்ணீரை வரவேற்று உள்ளே அனுப்பும். புறங்கையில் ஒளியைத் திருப்பும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. இருட்டில் திரும்புவதற்குக் கை காட்டும்போது பின்னால் வரும் காருக்கு முதலில் தெரிவது அதுதான்.

சரி, விலை? நல்ல பிராண்ட் கையுறைகள் எண்பது பவுண்டுக்கும் மேலே போகும். எல்லோரும் அவ்வளவு கொடுக்க வேண்டுமா? தேவையில்லை என்பேன். வேலைக்கான உடுப்புகள் விற்கும் கடைகளில், குளிரறைகளிலும் கட்டட வேலையிலும் போடும் கையுறைகளைப் பாருங்கள். பனித்துளிப் படத்தோடு 'இ.என். 511' என்ற ஐரோப்பிய முத்திரையும் மூன்று எண்களும் இருக்கும். முதலாவது குளிர்காற்றைத் தாங்கும் தரம். இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது தாங்கும் தரம். இரண்டுக்கும் 4 உச்சம். மூன்றாவது எண் 1 என்றிருந்தால் சோதனையில் 30 நிமிடம் தண்ணீர் புகவில்லை என்று அர்த்தம். ஜப்பானின் ஷோவா கம்பெனி தொழிலாளர்களுக்கென்று செய்த டெம்ரெஸ் கையுறையை இன்று மலையேறுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் தேடி வாங்குகிறார்கள்.

டெலிவரித் தம்பிகளைக் கவனித்திருப்பீர்கள். ஹாண்டில்பாரிலேயே பெரிய உறை போன்ற 'மஃப்' ஒன்றை மாட்டியிருப்பார்கள். கையை அதற்குள் நுழைத்தால் காற்றும் மழையும் வெளியே நின்றுவிடும், உள்ளே மெல்லிய கையுறை போதும். பார்க்க அழகில்லைதான். ஆனால் நாள் முழுக்கத் தெருவில் நிற்கிறவர்களின் தேர்வு அது; அவர்களைவிட இதை அறிந்தவர் யார்? கையைச் சட்டென்று வெளியே எடுக்க முடிகிறதா என்பதை மட்டும் ஓட்டும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை இது. விலை உயர்ந்த ஒரு ஜோடிக்குப் பதில் நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்குங்கள். காலையில் நனைந்த கையுறை மாலை வீடு திரும்புவதற்குள் காயாது. ஈரக் கையுறைக்குள் கையை நுழைப்பது எவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்?

காய வைப்பதிலும் கவனம் வேண்டும். ரேடியேட்டர் மேல் போட்டால் சீக்கிரம் காயும்தான். ஆனால் அந்தச் சூட்டில் பசை இளகும், தோல் பகுதி வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துக் காற்றாடத் தொங்கவிடுங்கள். நம் இதழைக் கிழித்துத் திணித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வழுவழுப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் சொல்கிறேன், செய்தித்தாளே மேல். சில மாதம் போனதும் மழைத்துளி கையுறையின் மேல் உருண்டு ஓடாமல் துணியில் ஊறத் தொடங்கும். அதற்கென்று ஸ்ப்ரே கிடைக்கிறது. ஒரு முறை அடித்தால் தேறிவிடும். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம்.

உடம்பு சம்பந்தமாக ஒரு வார்த்தை. குளிரில் சிலருக்கு விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, சூடு வந்ததும் சிவந்து குத்தும். 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ரேனோவின் பெயரால் இதை அழைக்கிறார்கள். பெண்களுக்கே அதிகம் வருகிறது. "எனக்குக் கை அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிற அம்மாக்களே, ஒரு முறை ஜி.பி.யிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. அதனால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கையில் உணர்ச்சியே குறைவாக இருக்கலாம். விறைத்த கையை நேரே ஹீட்டரில் வைத்தால் சுட்டுவிட்டது தெரியவே தெரியாது. போர்வைக்குள்ளோ அக்குளிலோ வைத்து மெல்லச் சூடேற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் பரம்பரைப் பழக்கம். பள்ளி கோட்டுக்குச் சரி, கையுறைக்கு வேண்டாம். தொளதொளத்த விரல் நுனி பிரேக் லீவரில் சிக்கும். புதுக் கையுறையைப் போட்டுவிட்டு, வீட்டு வாசலிலேயே சைக்கிளை நிறுத்தி, பிரேக்கை முழுதாக அழுத்தச் சொல்லுங்கள். விரல் எட்டவில்லையா? பெரும்பாலான சிறுவர் சைக்கிள்களின் லீவரில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் கைக்குக் கிட்டே வரும். இரண்டு நிமிட வேலை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் சைக்கிளில் போகிறவரின் கையுறையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். முடிந்தால் குழாயடியில் பிடித்துப் பாருங்கள், மற்றதை அதுவே சொல்லிவிடும். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்து வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறவனுக்கு எதை வாங்குவது என்றே தெரியாது. தெரிந்தாலும் வாடகை கட்டிய பிறகு கையில் மிஞ்சியிருக்காது. கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு சாக்லேட் டப்பா வாங்குவதாக இருந்தால், இந்த ஆண்டு அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்