சமர்த்து அப்பா!

“அப்பா இப்பல்லாம் ரொம்ப சமர்த்து ஸார். சத்தமே கிடையாது!”

சொன்னவர் ஒரு முதியோர் இல்லத்தின் மேனேஜர். நண்பரின் அப்பாவுக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது. அவரைப் பார்க்கப் போயிருந்தோம். பகல் பதினோரு மணிக்குப் பெரியவர் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். வந்த புதிதில் ஓயாமல் கத்தினாராம். மாத்திரை ஆரம்பித்ததும் அடங்கிவிட்டாராம். நண்பர் முகத்தில் நிம்மதி. எனக்கும்தான். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பேச்சு போனவர் ஏன் கத்துகிறார்? மலச்சிக்கலாக இருக்கலாம், மூட்டுவலியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். அவரிடம் மிச்சமிருக்கும் பாஷை அது ஒன்றுதான். நார்வேயில் 18 இல்லங்களில் இப்படி அமைதியில்லாமல் தவித்த 352 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வலிக்கு முறையாக மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்! எட்டு வாரத்தில் தவிப்பு 17 சதவிகிதம் குறைந்தது. 2011-ல் வெளிவந்த முடிவு இது.

நம் பெரியவருக்குக் கொடுத்தது மனச்சிதைவுக்கான மாத்திரை. இந்த வகை மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண ஆபத்தை 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2009-ல் பிரிட்டிஷ் அரசுக்குப் பேராசிரியர் சுபே பானர்ஜி கொடுத்த அறிக்கை இன்னும் மோசம். அப்போது அங்கே வருடத்துக்கு 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இதைச் சாப்பிட்டார்கள். பலன் சுமார் 36,000 பேருக்கு. கூடுதல் மரணம் சுமார் 1,800.

உடனே ‘மாத்திரையைத் தூக்கிப் போடு!’ என்று கிளம்பிவிடாதீர்கள். தடாலென்று நாமே நிறுத்துவதும் ஆபத்தாகலாம். பிரிட்டனில் 16 இல்லங்களில் டாக்டர்களை வைத்து மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள் (2016). வெறுமனே குறைத்த இடங்களில் தொந்தரவுகள் அதிகமாயின. குறைத்ததோடு கூட உட்கார்ந்து பேச ஆளும் கொடுத்த இடங்களில் மரணமே குறைந்தது. பிறகு 69 இல்லங்களில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேச்சுத்துணை தரச் சொன்னார்கள். பிடித்த விஷயத்தைப் பேச வேண்டும், அவ்வளவுதான். தவிப்பு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, வழக்கமான பராமரிப்பைவிடச் செலவும் குறைவு! 2018-ல் வந்த முடிவு.

அடிக்க வருகிறார், ஆபத்து என்றால் மாத்திரை வேண்டும்தான். குறைந்த அளவில், சில வாரங்களுக்கு. ஆனால் நம் ஊரில் ஆரம்பித்த மாத்திரையை யார் ஸார் நிறுத்துகிறார்கள்? பிரிஸ்கிரிப்ஷன் கசங்கிக் கிழிகிறவரை அதேதான்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கு இது. பல இல்லங்களில் மருந்துச் செலவு குடும்பத்தின் தலையில். ஆயா சம்பளம் இல்லத்தின் தலையில். ஆள் குறைந்தால் அவர்களுக்கு லாபம், மாத்திரை கூடினால் நஷ்டம் இல்லை. எது கூடும்? நாமோ ஏ.ஸி. இருக்கா, கேமரா இருக்கா என்று பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறோம். ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆயா என்று கேட்டிருக்கிறோமா?

கிளம்பும்போது ஓர் ஆயாம்மா மெதுவாகச் சொன்னார். “சாப்புடறப்போ கன்னத்தப் புடிச்சுக்குவாருங்க. நான் சொன்னா யாரு கேக்கறா?”

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. பல்லை எடுத்த பிறகு மாத்திரையையும் டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். தினமும் பத்து நிமிஷம் அந்த ஆயாம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேச முடியுமா என்று மேனேஜரைக் கேட்டார் நண்பர்.

“அதுக்குத் தனி சார்ஜ் ஆகும் ஸார்.”