கடை திறந்திருக்கிறது, கடைக்காரர் எங்கே?

 

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் மடிக்கணினியும் கையுமாக மதரஸாவுக்கு வந்தார். அவருடைய அக்கா கணவரை இழந்தவர். இரு பிள்ளைகளுடன் தாய் வீட்டில் வாழ்பவர். பெண்களுக்கு ஆரி வேலைப்பாட்டைக் கற்றுக்கொடுத்து, அந்த வருவாயில் குடும்பத்தை நடத்தி வருகிறார். வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேருக்கு நடந்த வகுப்பை இணையத்தின் வழியாக நூறு பேருக்குக் கொண்டுசெல்லும் வழியைத் தாம் கற்று, மூன்று வாரங்களாக நடத்தியும் வருவதாகத் தம்பி பெருமிதத்துடன் கூறினார்.

"ஹஜ்ரத், அக்கா ஒரே ஒருமுறை பேசினார், அவ்வளவுதான். இனி அவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் விற்பனை நடக்கும்" என்றார்.

உறங்கும்போது வருவாய் வருவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. தென்னையின் சொந்தக்காரர் உறங்கும் வேளையிலும் தென்னை காய்க்கத்தான் செய்கிறது. எனவே, ஏற்பாடு என்னவென்று பொறுமையாகக் கேட்டேன். அவர் விளக்கியதையும், பின்னர் நானாக விசாரித்து அறிந்ததையும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். கைப்பேசி உள்ள ஒவ்வோர் இல்லத்தினரும் இத்தகைய கடையின் வாசலில் ஒருநாள் நிற்கத்தான் போகிறோம். வாங்குபவராகச் சிலர் நிற்போம். விற்பவராகச் சிலர் நிற்போம்.

வெபினார் என்பது இணையத்தில் கூடும் கூட்டம். ஒருவர் பேசுவார்; பலர் தத்தம் வீட்டிலிருந்து பார்ப்பார்கள்; ஐயங்களை எழுதிக் கேட்பார்கள். இந்தக் கூட்டத்தை ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் குறித்த வேளைகளில் இயந்திரமே ஓட்டிக் காட்டும்படி செய்தால் அதுவே தானியங்கி வெபினார்.

முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ 'இன்று இரவு 8 மணிக்கு இலவச வகுப்பு' என்று விளம்பரம் வரும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வரும். குறித்த நேரத்தில் இணைப்பைத் தொட்டால் பேச்சு தொடங்கும். பேசுபவர் முதலில் தாம் பட்ட துன்பத்தைச் சொல்வார்; அடுத்துச் சில பயனுள்ள செய்திகளைச் சொல்வார்; இறுதியில் தம் பொருளை முன்வைப்பார். 'இதன் மதிப்பு 10,000 ரூபாய். இத்துடன் தரும் மற்றொன்றின் மதிப்பு 8,000. ஆனால் உங்களுக்கு இன்று மட்டும் 2,999' என்று அடுக்கிக் கொண்டே சென்று ஒரே அடியாகக் குறைப்பார். 2014-இல் கிளிக்ஃபனல்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அமெரிக்கர் ரஸ்ஸல் பிரன்சன், இத்தகைய பேச்சுக்கென்றே ஓர் அச்சு வார்த்துக் கொடுத்துப் பெயர் பெற்றவர். மொழியும் பொருளும் மாறினாலும் பல பேச்சுகள் ஒன்றுபோல் ஒலிப்பதற்கு இத்தகைய அச்சுகளே காரணம்.

இதில் நன்மையே இல்லை என்று நான் கூறவில்லை. அந்தச் சகோதரி இரவு 8 மணிக்கு நேரில் பேசினால் துபாயில் மாலை 6.30; ரியாத்தில் மாலை 5.30, கோலாலம்பூரிலோ இரவு 10.30. அந்நாடுகளில் வாழும் நம் பெண்கள் அனைவருக்கும் ஒரே வேளை எப்படிப் பொருந்தும்? பதிவு செய்த பாடத்தை அவரவர் தமக்கேற்ற பொழுதில் பார்க்கலாம். ஒரே விளக்கத்தை நூறுமுறை சொல்லித் தொண்டை வறளும் துன்பம் எத்தகையது என்பதை ஆசிரியனாகிய நான் நன்கு அறிவேன். இருபது பெண்கள் நுழைய முடியாத கூடத்திலிருந்து இருநூறு பெண்களுக்குக் கைத்தொழில் சென்று சேருமாயின், அது போற்றத்தக்கதே அன்றோ?

இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கும்போதே தம்பி திரையை என் பக்கம் திருப்பினார். '214 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றிருந்தது.

"இத்தனை பேரா?" என்று வியந்தேன்.

"இல்லை ஹஜ்ரத். உண்மையில் நான்கு பேர்தாம். அந்த எண்ணை நாமே அமைத்துக்கொள்ளலாம்" என்றார் தயக்கமின்றி.

பக்கத்தில் உரையாடல் ஓடிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் ஸலாம் சொன்னார். கடலூரிலிருந்து ஒருவர் 'இப்போதுதான் பணம் கட்டினேன்' என்றார். அவர்கள் யாருமே இல்லை. எந்த நிமிடத்தில் எந்தப் பெயரில் எந்த வரி தோன்ற வேண்டும் என்பதைத் தம்பியே எழுதி ஏற்றியிருந்தார். கீழே ஒரு கடிகாரம் பதினைந்து நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. அருகில் 'இன்னும் 3 இடங்களே உள்ளன' என்றிருந்தது. பதிவு செய்த பாடத்தில் நாற்காலி ஏது, இடம் தீர்ந்துபோக? பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மீண்டும் பதினைந்திலிருந்து தொடங்கியது.

இவையெல்லாம் தம்பியின் கண்டுபிடிப்புகள் என்று நினைத்துவிட வேண்டாம். எவர்வெபினார் போன்ற மென்பொருள்களில், பார்வையாளர் எண்ணிக்கையையும் உரையாடலையும் போலியாகக் காட்டும் ஏற்பாடு ஒரு வசதியாகவே வழங்கப்படுகிறது.

"உண்மையாக வந்த அந்த நான்கு பேர் என்ன கேட்டார்கள்?" என்று வினவினேன். தம்பி தேடி எடுத்தார். அந்தக் கேள்விகளை அவரும் அதுவரை படித்ததில்லை. அவற்றுள் ஒன்று இரவு 8.40-க்கு ஒரு பெண் எழுதியது. தமக்கு இடக்கைப் பழக்கம் என்றும், ஆரி ஊசியை இடக்கையில் பிடித்தால் இந்த முறை சரிவருமா என்றும் அவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆரி வேலையில் ஒரு கை துணிக்கு மேலே ஊசியைப் பிடிக்க, மறு கை துணிக்குக் கீழே நூலைப் பிடிக்க வேண்டும். அவருக்கு விடையளிக்க அங்கே யாரும் இல்லை. அதே நிமிடத்தில் அடுத்த வரியாகத் தோன்றியது, தம்பி முன்பே எழுதி வைத்திருந்த நன்றியுரை: 'எல்லோருடைய கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறீர்கள், மிக்க நன்றி!'

நான் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. "தம்பி, இந்த ஒரு பக்கத்தை மட்டும் உங்கள் அக்காவிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவர் வாடிய முகத்துடன் வந்தார். எண்ணிக்கையைப் பற்றியும் உரையாடலைப் பற்றியும் அக்காவுக்கு ஒன்றுமே தெரியாதாம். பார்த்ததும் அவர், "இரவு 8.40-க்கு நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் என் முகம் அங்கே, 'உங்கள் எல்லோரையும் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததா? நான் யாரைப் பார்த்தேன்?" என்று கேட்டாராம்.

அன்பர்களே! இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. பதிவு செய்வது குற்றமன்று. அதனை இயந்திரம் ஓட்டுவதும் குற்றமன்று. இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுவதே குற்றம். மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் 'நஜ்ஷ்' என்று ஒன்றைப் படிக்கிறோம். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரை ஏமாற்றி விலையை உயர்த்துவதற்காக ஏலத்தில் குரல் கொடுப்பது அது, மார்க்கம் தடுத்தது. அந்தப் பழைய சந்தையில் பொய்க்குரல் கொடுக்க ஓர் ஆளாவது வேண்டியிருந்தது. புதிய சந்தையில் அதுவும் தேவையில்லை. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்தத் தானியம் போலியானதன்று. அதன் ஈரம் மறைக்கப்பட்டிருந்தது. இந்தச் சகோதரியின் பாடமும் நல்ல பாடம்தான். அதைச் சுற்றியிருந்தவையே பொய்.

நாட்டின் சட்டமும் இதைப் பொருட்படுத்தாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இணைய வணிகத்தில் வாங்குவோரை ஏமாற்றும் 13 உத்திகள் தடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவதே பொய்யான அவசரம். இல்லாத நெருக்கடியையோ பற்றாக்குறையையோ காட்டி உடனே வாங்கத் தூண்டுவது. அமெரிக்காவிலும், போலி மதிப்புரைகளையும் போலி வாடிக்கையாளர் சான்றுகளையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

எனினும் தம்பி எளிதில் இணங்கிவிடவில்லை. "ஹஜ்ரத், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். அக்கா பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும்" என்றார். மாதச் சம்பளம் வாங்கும் நான், அந்தக் குடும்பத்தின் அடுப்பைப் பற்றி இலேசாகப் பேசிவிட முடியுமா? சற்று நேரம் இருவருமே பேசாதிருந்தோம். பின்னர், "பாதிப்பேர் வராமல் போகலாம். அந்த இடக்கைப் பெண்ணுக்கு விடை கிடைக்க நாம் என்ன செய்யலாம் என்பதிலிருந்து தொடங்குவோமா?" என்று மட்டும் கேட்டேன்.

முடிவெடுத்தவர் அக்காதான். பார்வையாளர் எண்ணிக்கை நீக்கப்பட்டது; பொய்ப் பெயர்கள் அழிக்கப்பட்டன; கடிகாரமும் மீதி இடங்களும் எடுக்கப்பட்டன. தொடக்கத்திலேயே, 'இது பதிவு செய்யப்பட்ட பாடம். உங்கள் கேள்விகளை எழுதி வையுங்கள். இன்றிரவு 9 முதல் 10 மணிக்குள் நானே விடை தருவேன்' என்னும் வரி சேர்க்கப்பட்டது. இவெபினார் போன்ற சேவைகளில், பார்ப்பவர் எழுதும் கேள்விக்குப் பின்னர் மின்னஞ்சல் வழியாகவும் விடையளிக்க வழியுண்டு. ஆகவே, நேர்மைக்கு இயந்திரம் தடையாக இல்லை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அந்த மூன்று வாரங்களில் பணம் கட்டியிருந்த 11 பேரையும் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார். ஒன்பது பேர் தொடர்ந்தார்கள். இருவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். 5,998 ரூபாய் திரும்பிப் போயிற்று. அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்கள் நால்வரே. பள்ளிக் கட்டணத்துக்கு அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று. உண்மை உடனே கொழுத்த லாபத்தைத் தந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவன்று. அந்த நால்வரில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடைய அந்தப் பெண். அவருக்காகவே கைகளை மாற்றிப் பிடித்துக் காட்டும் சிறு பாடம் ஒன்றையும் அக்கா பதிவு செய்து சேர்த்திருக்கிறார்.

இனி, வாங்கும் நிலையில் இருக்கும் சகோதர, சகோதரிகளுக்குச் சில சொற்கள். 'நேரலை' என்று சொல்லும் கூட்டத்தில், பேசுபவர் எதிர்பாராத ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி விடை வருகிறதா என்று கவனியுங்கள். கடிகாரம் ஓடினால் பக்கத்தை மூடி மீண்டும் திறந்து பாருங்கள். இன்னொரு நாளும் அதே கூட்டத்துக்குப் பதிவு செய்து, அதே இருமலும் அதே சிரிப்பும் அதே இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் கேளுங்கள். இன்றே, இப்போதே என்று எவரேனும் விரட்டினால் ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். வீட்டாருடன் கலந்து பேசுங்கள். நல்ல பொருள் நாளையும் நல்ல பொருளாகவே இருக்கும். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

விற்கும் நிலையில் இருப்போர்க்கு ஒன்றே ஒன்று. இயந்திரத்தை வேலைக்கு வையுங்கள். அது பாடத்தைச் சொல்லட்டும், நேரத்தை நினைவூட்டட்டும், பணத்துக்கு ரசீது கொடுக்கட்டும். ஆனால் அது உங்கள் பெயரால் பேசுகிறது என்பதை மறவாதீர்கள். நீங்கள் உறங்கும்போது அது சொல்லும் பொய்யும் உங்கள் கணக்கிலேயே எழுதப்படும்.

வல்ல அல்லாஹ், நம் அனைவருக்கும் தூய வழியில் பொருளீட்டும் நற்பேற்றையும், ஈட்டியதில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.