பத்திர மாதிரியும் மேக்ரோவும்

கொடுமுடியில் பத்திரம் எழுதுபவரிடம் ஒரு மாதிரி இருக்கும். விற்பவர், வாங்குபவர், சர்வே எண், செக்குபந்தி சொன்னால் முழுக் கிரயப் பத்திரமும் வந்துவிடும். பேரனிடம் நான் படிக்கும் ஸ்கீம் என்ற லிஸ்ப் வகைக் கணினி மொழியில் மேக்ரோவும் அப்படித்தான். முதலில் வடிவம், அடுத்து அதன் விரிவு. மூன்று புள்ளி வைத்தால், வாரிசுதாரர் பட்டியல் போல எத்தனை வந்தாலும் அடங்கும்.

நம் பக்கம் தெருவுக்கு நாலு பழனிசாமி. மாதிரியில் பழைய பழனிசாமி ஒருவர் தங்கிவிட்டால் காடு யாருடையது என்று வழக்கு வரும். பழைய லிஸ்ப் மேக்ரோக்களிலும் இப்படிப் பெயர்கள் மோதின. 1998 ஸ்கீம் அறிக்கை, மோதாத மேக்ரோ முறையை மொழியின் பகுதியாகவே சேர்த்தது.

ஃபங்ஷனில் முடிகிற வேலைக்கு மேக்ரோ வேண்டாம் என்பது என் கட்சி. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அந்த முறையிலேயே எழுதுங்கள். மாதிரி நம்முடையது, காடு அடுத்தவருடையது.